பசளை விலையும் கமக்காரரின் இரு கணக்குகளும்

(நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்குமான பாடம்)

முகவுரை

கமத்தொழில் செய்வோர் மழையைப் பார்த்து விதைக்கின்றனர். சந்தையைப் பார்த்து விற்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அரசின் கொள்கை. பசளையை என்ன விலைக்குக் கொடுப்பது, எதனை இறக்குமதி செய்ய விடுவது, எதனைத் தடுப்பது என்பன பற்றித் தலைநகரிற் செய்யப்படும் முடிவு ஒரு போகத்திற்குள் வயல் வரப்புக்கு வந்து சேர்ந்துவிடுகின்றது. அது கமக்காரரின் பணப்பையை மட்டுமன்றி, அவருடைய மண்ணையும் கிணற்றையும் தொடுகின்றது.

ஆதலின் ஒவ்வொரு கமக்காரருக்கும் இரண்டு கணக்குகள் உள்ளன எனலாம். ஒன்று போகக் கணக்கு. செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதனை அது காட்டும். மற்றது நிலக் கணக்கு. மண்ணின் வளம் கூடிற்றா குறைந்ததா, கிணற்று நீர் நன்றாயிருக்கின்றதா கெட்டதா என்பதனை அது காட்டும். முதலாவது கணக்கு நான்கு மாதத்தில் முடியும். இரண்டாவது பிள்ளைகளின் காலம்வரை நீளும். பசளை பற்றிய கொள்கைகள் இவ்விரு கணக்குகளையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதனை நம் நாட்டு அனுபவத்தைக் கொண்டே இப்பாடம் விளக்குகின்றது.

1. மானியம் வந்த வரலாறு

இலங்கையிற் பசளை மானியம் 1962 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பசளைக்கு நன்கு விளைவு தரும் புதிய நெல்லினங்கள் பரவிய காலம் அது. பழைய இனங்கள் மிகுந்த பசளையை ஏற்கமாட்டா. ஏற்றால் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். புதிய இனங்களோ இட்ட பசளையை நெல்லாக மாற்றித் தந்தன. எனவே பசளையை மலிவாகக் கொடுத்துக் கமக்காரரை அதன் பயனை அறியச் செய்வது அக்காலத்திற்குப் பொருத்தமான கொள்கையாயிருந்தது. நாடு அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு எய்தியதற்கு நல்லினம், நீர்ப்பாசனம் ஆகியவற்றோடு இம்மானியமும் ஒரு காரணமாகும்.

பின்னர் இக்கொள்கை பலமுறை மாறிற்று. 1990 இல் மானியம் நிறுத்தப்பட்டு, 1994 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1997 முதல் யூரியாவுக்கு மட்டும் அது வழங்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டின் இறுதியில் நெற்செய்கைக்கான மூவகைப் பசளைகளும் 50 கிலோகிராம் மூடை 350 ரூபாவாகக் கொடுக்கப்பட்டன. 2016 இல் மூடைக்குப் பதிலாக, ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 25,000 ரூபாவாக, இரண்டு ஹெக்டேயர் வரை, பணம் வழங்கும் முறை வந்தது. ஈராண்டுகளின் பின் மீண்டும் மூடை முறை வந்தது. 2020 இல் நெற்செய்கைக்குப் பசளை இலவசமாகவே வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே, 2021 இல், இரசாயனப் பசளையின் இறக்குமதி முழுவதும் தடைசெய்யப்பட்டது.

இலவசம் ஓராண்டு, தடை மறுவாண்டு. இவ்விரு எல்லைகளும் கமக்காரருக்குச் செய்தவை யாவை என்பதே நாம் ஆராயவேண்டியது.

2. மலிந்த பசளை செய்யும் மாற்றம்

ஒரு பொருள் மலிந்தால் அது கூடுதலாகப் பயன்படும் என்பது யாவரும் அறிந்ததே. பசளையில் இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். கீழ்வரும் எண்கள் விளக்கத்தின் பொருட்டு நாம் வைத்துக்கொண்டவை. மண்ணுக்கும் இனத்துக்கும் ஏற்ப இவை வேறுபடும். ஆயினும் இவை குறையும் முறை எவ்வயலிலும் இதுவேயாகும்.

ஓர் ஏக்கர் வயலில் யூரியாவை ஒவ்வொரு மூடையாகக் கூட்டிச் செல்வதாகக் கொள்வோம். நெல்லின் விலை கிலோகிராம் 100 ரூபா என்றும், யூரியாவின் உண்மையான விலை மூடை 10,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலாம் மூடையால் கூடும் நெல் 400 கிலோகிராம். பெறுமதி 40,000 ரூபா.
இரண்டாம் மூடையால் கூடும் நெல் 250 கிலோகிராம். பெறுமதி 25,000 ரூபா.
மூன்றாம் மூடையால் கூடும் நெல் 80 கிலோகிராம். பெறுமதி 8,000 ரூபா.
நான்காம் மூடையால் கூடும் நெல் யாதுமில்லை.

மூடைக்கு 10,000 ரூபா கொடுத்து வாங்கும் கமக்காரர் இரண்டாவது மூடையோடு நிறுத்திக்கொள்வார். மூன்றாவது மூடை 8,000 ரூபா வரவுக்காக 10,000 ரூபா செலவைத் தருகின்றது என்பதனை அவர் உணர்வார். இப்போது அதே மூடை மானியத்தால் 500 ரூபாவுக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். 500 ரூபா கொடுத்து 8,000 ரூபா பெறுவது அவருக்கு இலாபமே. ஆதலின் மூன்றாவது மூடையையும் இடுவார். 500 ரூபாதானே என்று எண்ணி நான்காவது மூடையையும் இடுவாருமுளர்.

இதிற் கமக்காரரின் பிழை யாதுமில்லை. தமக்குச் சொல்லப்பட்ட விலையைக் கொண்டு அவர் சரியாகவே கணக்கிட்டார். ஆனால் அம்மூன்றாவது மூடைக்கு எஞ்சிய 9,500 ரூபாவைத் திறைசேரி கொடுத்தது. அஃதாவது, நாடு 10,000 ரூபாவைச் செலவிட்டு 8,000 ரூபா நெல்லைப் பெற்றது. அப்பணம் பெரும்பாலும் வெளிநாட்டு நாணயமாக வெளியே சென்றது. நான்காவது மூடையாலோ நெல் கிடைக்கவில்லை. பயிர் கரும்பச்சையாகித் தழைத்துச் சாயவும், எரிபந்தம், கபிலநிறத் தத்தி முதலியன பெருகவும் அது வழிசெய்தது. பீடைக்கு மருந்து தெளிக்கும் செலவும் பின்னர் அதனோடு சேர்ந்தது.

யூரியா மட்டும் மலிந்திருந்த ஆண்டுகளில் இன்னுமொரு தீங்குக்கு இடமுண்டு. மலிந்ததை மிகுத்து இட்டு, விலை கூடிய பொசுபரசையும் பொற்றாசியத்தையும் குறைத்துவிடும் எண்ணம் எவர்க்கும் எழுவது இயல்பு. சமநிலையற்ற உணவு மனிதருக்கு ஆகாதவாறே பயிருக்கும் ஆகாது.

3. மிஞ்சிய பசளை எங்கே போகின்றது?

மேலே சொன்னது போகக் கணக்கு. இனி நிலக் கணக்கைப் பார்ப்போம்.

நெல்வயலில் இட்ட நைதரசனிற் பயிர் ஏற்பது பெரும்பாலும் பாதிக்கும் குறைவானதே. எஞ்சியதில் ஒரு பகுதி காற்றோடு கலக்கின்றது. ஒரு பகுதி நீரோடு வெளியேறுகின்றது. ஒரு பகுதி மண்ணில் தங்குகின்றது. மேட்டுநிலத்தில் மிளகாய், வெங்காயம், மரக்கறி முதலியன செய்யும் இடங்களில், நைதரசன் நைத்திரேற்றாக மாறி மண்ணினூடே கீழே செல்கின்றது. நைத்திரேற்றை மண் பற்றி வைத்திருப்பதில்லை. ஆதலின் நீர் இறங்கும்போது அதுவும் இறங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறைகளின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்நீரே தோட்டத்திற்கும் நீர், வீட்டிற்கும் நீர். தோட்டத்தில் இட்டது எதுவோ அது குடத்தில் வந்துசேரும் நிலை அங்குள்ளது. மணற்பாங்கான கற்பிட்டிக் குடாநாட்டின் நிலையும் இதனைப் போன்றதே. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்திலும் கற்பிட்டியிலும் செறிவாகப் பயிரிடும் நிலங்களை அடுத்த பல கிணறுகளில் அவ்வெல்லைக்கு மேற்பட்ட அளவு இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கு மலகூடக் குழிகளும் ஒரு காரணம். மிஞ்சிய பசளை மற்றொரு பெருங்காரணம்.

ஒரு கணக்கை இங்கே மனத்திற் கொள்க. 50 கிலோகிராம் யூரியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதில் நாலிலொரு பங்கு மட்டும் கசிந்து நைத்திரேற்றாகக் கிணற்று நீரைச் சேருமாயின், ஏறத்தாழ 5 இலட்சம் லீற்றர் தூய நீரை அவ்வெல்லை வரைக்கும் கொண்டுவர அது போதுமானது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் வேண்டாத மூன்றாவது, நான்காவது மூடைகளின் விலை 1,000 ரூபாதான். ஆனால் அவற்றின் உண்மையான விலையை யார் கொடுக்கின்றனர்? அயலிலுள்ள கிணற்றின் நீரைக் குடிப்பவர் கொடுக்கின்றனர்.

நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இதனைத் தாய்மார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் வேறொரு வகையில் இதே கதை நிகழ்ந்தது. நுவரெலியாப் பகுதியில் உருளைக்கிழங்கு, கோவா, கரட் முதலியவற்றுக்கு ஆண்டாண்டாக மிகுத்து இட்ட பொசுபரசு பல தோட்டங்களின் மண்ணிற் சேர்ந்துள்ளது. அத்தகைய மண்ணுக்கு மேலும் பொசுபரசு வாங்கி இடுவது வங்கியிற் பணமிருக்கக் கடன்வாங்குவதை ஒக்கும். சரிவான நிலத்தில் மண்ணரிப்பு ஏற்படும்போது அப்பொசுபரசு மண்ணோடு ஓடிக் குளங்களையும் நீர்த்தேக்கங்களையும் அடைந்து, பாசி பெருகச் செய்கின்றது.

4. 2021 ஆம் ஆண்டின் தடை

மிகுந்த பசளையால் விளைந்த இத்தீங்குகள் உண்மையானவை. நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பும் அப்போது குறைந்திருந்தது. இந்நிலையில் 2021 மே மாதம் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளையும் பீடைகொல்லியும் இறக்குமதி செய்தல் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு ஒரே முறையில் மாறவேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தைக் குறைகூறுவோர் சிலரே. மாறுவதற்குக் கொடுக்கப்பட்ட காலமே குறையாயிற்று. அவ்வாண்டு நவம்பர் மாத இறுதியில் தடை நீக்கப்பட்டது. ஆனால் பெரும்போகத்தின் விதைப்புக் காலம் அதற்குள் பெரும்பாலும் கடந்துவிட்டது.

விளைவு பின்வருமாறு. 2020/2021 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக இருந்தது. 2021/2022 பெரும்போகத்தில் அது 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே வந்தது. இரு போகங்களையும் சேர்த்துப் பார்க்குமிடத்து, 2021 இல் ஏறத்தாழ 51 இலட்சம் தொன்னாக இருந்தது 2022 இல் ஏறத்தாழ 34 இலட்சம் தொன்னாயிற்று. மூன்றிலொரு பங்கு நெல் இல்லாமற்போயிற்று. அரிசியைப் பெருமளவில் இறக்குமதி செய்யவேண்டியதாயிற்று. பசளை வாங்காது மிச்சப்படுத்த எண்ணிய வெளிநாட்டு நாணயம் அரிசிக்காகச் சென்றது. நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு வழங்கப்படுமென 2022 சனவரியில் அரசு அறிவித்தது.

தடை நீங்கியபோதும் துன்பம் நீங்கவில்லை. உலகச் சந்தையிற் பசளை விலை ஏறியிருந்தது. 2022 இல் ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்தது. ஒரு மூடை யூரியா 30,000 ரூபாவுக்கு மேல் விற்ற காலமும் வந்தது. இவ்விலையேற்றம் முழுவதும் தடையின் விளைவன்று. ஆயினும் தடையால் ஒரு போக வரவை இழந்து நகையை அடகுவைத்திருந்த குடும்பங்கள் அவ்விலையைத் தாங்க வலுவிழந்திருந்தன. மரக்கறியின் விலை சந்தையில் ஏறிற்று என்பது மெய்யே. விற்பதற்கு விளைச்சல் இல்லாதவருக்கு விலையேற்றத்தாற் பயன் யாது?

5. தடை ஏன் பலிக்கவில்லை?

சேதனப் பசளை தீயதென்பதால் அது பலிக்கவில்லை எனக் கொள்வது தவறு. கணக்கு ஒத்துவராததே காரணம்.

ஒரு மூடை யூரியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டென்றோம். நன்கு செய்த கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கே நைதரசன் இருக்கும். ஆகவே ஒரு மூடை யூரியாவிலுள்ள அளவைப் பெற ஏறத்தாழ 2 தொன் கூட்டெரு வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூடையென்றால் 4 தொன். ஹெக்டேயருக்குப் பத்துத் தொன். பெரும்போகத்தில் நாட்டில் விதைக்கப்படும் வயல் 7 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்டது. அவ்வளவுக்கும் ஒரே போகத்தில் 70 இலட்சம் தொன் கூட்டெரு எங்கிருந்து வரும்? வந்தாலும் அதனை ஏற்றிச் செல்லும் கூலியும், வயலிற் பரப்பும் கூலியும் எவ்வளவு?

மேலும், கூட்டெருவிலுள்ள நைதரசன் மண்ணுயிர்களின் செயலால் மெல்ல மெல்லவே வெளிப்படும். பயிர் மட்டம் வெடித்துக் கதிர் உருவாகும் வேளையில் அது கேட்கும் அளவை உடனே கொடுக்கும் தன்மை அதற்கில்லை. மண்ணின் கட்டமைப்பைத் திருத்தி, நீரைப் பிடித்துவைத்து, நுண்ணூட்டங்களைத் தந்து, ஆண்டுதோறும் வளத்தைக் கூட்டுவது அதன் சிறப்பு. அஃது ஓராண்டிற் கொடுக்கும் பயனன்று. பல்லாண்டு சேரும் முதல். யூரியா அன்றாடச் செலவுக்கான காசு போன்றது; சேதனப் பசளை நிலையான வைப்பு போன்றது. ஒன்றைக் கொண்டு மற்றதன் வேலையைச் செய்விக்க முடியாது.

எனவே மேலே கண்ட எடுத்துக்காட்டுக்கு மீண்டும் வருவோம். மிகுந்த மானியம் நான்கு மூடையை இடச்செய்தது. தடை ஒரு மூடையும் இல்லாமற்செய்தது. முன்னதால் நிலக் கணக்கு நட்டமடைந்தது. பின்னதாற் போகக் கணக்கு நட்டமடைந்தது. சரியான அளவு இவ்விரண்டுக்கும் நடுவே, இரண்டு மூடைக்கு அருகில் இருந்தது. நடுவே நிற்கும் அளவை மூடை மூடையாகக் கொடுக்கும் மானியமும் காட்டாது, முழுத்தடையும் காட்டாது. அதனை மண்ணும் பயிருமே காட்டும்.

6. மானியத்தை எவ்வாறு கொடுத்தல் நன்று?

அரசின் உதவி வேண்டாமென்பது இப்பாடத்தின் கருத்தன்று. சிறு கமக்காரர் விலை ஏற்றத்தாழ்வைத் தாமே தாங்குதல் அரிது. உதவி கொடுக்கப்படும் முறையே பயனையும் தீங்கையும் தீர்மானிக்கின்றது.

மூடையாகக் கொடுத்தால், இட்டால்தான் பயன் என்ற எண்ணம் உண்டாகும். பணமாகக் கொடுத்தால், அப்பணத்தைக் கொண்டு கமக்காரர் தமக்கு வேண்டிய பசளையை வேண்டிய அளவுக்கு வாங்கலாம். மிஞ்சுவதை எருவுக்கோ நல்ல விதைக்கோ செலவிடலாம். பசளை தன் உண்மை விலையில் நிற்பதால் மூன்றாவது மூடை வேண்டுமா என்பதனைக் கமக்காரர் தாமே எண்ணிப்பார்ப்பார். 2024/2025 பெரும்போகத்தில் நெற்செய்கையாளருக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாகப் பணம் வழங்க முடிவுசெய்யப்பட்டது இவ்வழியிலாகும். ஆனால் பணமுறைக்கும் ஒரு நிபந்தனையுண்டு. பணம் விதைப்புக்கு முன்னர் கைக்கு வரவேண்டும். பிந்தி வரும் பணம் கடைக்காரரின் கடனுக்கும் வட்டிக்கும் போய்விடும். அதன் நோக்கம் நிறைவேறாது.

7. கமக்காரர் செய்யத்தக்கவை

கொள்கை எவ்வாறு மாறினும், இரு கணக்குகளையும் ஒருங்கே காக்கும் வழிகள் கமக்காரர் கையிலேயே உள்ளன.

(அ) மண்ணைப் பரிசோதித்தல். தோட்டத்தின் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, விவசாயப் போதனாசிரியர் மூலம் பரிசோதனைக்கு அனுப்புக. பொசுபரசு மிகுந்துள்ள மண்ணாயின் அப்பசளைச் செலவைக் குறைக்கலாம்.

(ஆ) பிரித்து இடுதல். யூரியா முழுவதையும் ஒரே முறையில் இடலாகாது. பயிர் கேட்கும் பருவங்களிற் சிறிது சிறிதாக மேற்கட்டுப் பசளையாக இடுக. பெருமழை வரும் அறிகுறி தோன்றும்போதும், வயலில் நீர் வடிந்தோடும்போதும் இடாது நிறுத்துக. மேட்டுநிலப் பயிர்களுக்கு இட்டபின் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தல், வாங்கிய பசளையைக் கிணற்றுக்குள் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

(இ) இலையின் நிறத்தைப் பார்த்தல். நெற்பயிரின் இலையை இலைநிற அட்டையோடு ஒப்பிட்டு, நிறம் குறைந்திருந்தால் மட்டும் யூரியா இடுக. அடுத்த வயற்காரர் இட்டார் என்பதற்காக இடுதல் கணக்காகாது.

(ஈ) வைக்கோலை வயலுக்குத் திருப்புதல். ஓர் ஏக்கரிலிருந்து கிடைக்கும் ஒன்றரைத் தொன் வைக்கோலில், ஒரு மூடை மியூரியேற்றுப் பொட்டாசிலுள்ள பொற்றாசியத்திற்குக் கிட்டிய அளவு உண்டு. சூடடித்த களத்தில் அதனைக் குவித்து எரிப்போர் ஒரு மூடைப் பசளையை ஒரே இடத்திற் கொட்டிவிடுகின்றனர். அதிலுள்ள நைதரசனோ புகையோடு போய்விடுகின்றது. அறுவடை முடிந்ததும் வயலெங்கும் பரப்பி, உழவுக்கு முன் மக்கவிடுதல் நன்று.

(உ) முன்னோர் முறைகளை விடாதிருத்தல். பூவரசு, சீமைக்கிளுவை முதலியவற்றின் குழை தாழ்த்தல், சணல் விதைத்துப் பூக்குமுன் உழுதல், தோட்டத்திற் பட்டி அடைத்தல் ஆகியன நம்மிடையே நெடுங்காலம் வழங்கியவை. இவற்றோடு அளவான இரசாயனப் பசளையையும் சேர்த்து இடுமிடத்துச் செலவு குறையும், மண் கெடாது. ஒரு போகத்தில் முழுவதும் மாற முயலாது, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேதனப் பங்கைக் கூட்டுக. எருவையும் அளவறிந்தே இடவேண்டும். மிகுந்த எருவிலிருந்தும் நைத்திரேற்று கசியும்.

(ஊ) கிணற்றைக் காத்தல். எருக்குவியலையும் பசளை மூடைகளையும் கிணற்றருகில் வைக்கலாகாது. கைக்குழந்தை உள்ள வீட்டின் கிணற்று நீரை ஆய்வுகூடத்திற் பரிசோதித்து அறிந்துகொள்க. நைத்திரேற்று மிகுந்ததெனத் தெரிந்தால், குழந்தைக்கு வேறு நீரைப் பயன்படுத்துக.

(எ) கணக்கெழுதுதல். ஒரு கொப்பியில் ஒவ்வொரு போகத்திலும் இட்ட பசளையின் வகை, அளவு, திகதி, விலை, கிடைத்த விளைச்சல் ஆகியவற்றை எழுதிவைக்க. மூன்று போகங்கள் எழுதினால், உமது வயலில் எத்தனையாவது மூடை வீணாகின்றது என்பது உமக்கே தெரியும்.

8. கமக்காரர் அமைப்பின் கடமை

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. வாய்க்கால் துப்புரவு செய்வதும் பசளைப் பட்டியல் தயாரிப்பதும் மட்டும் இவற்றின் வேலையல்ல. போகத் தொடக்கக் கூட்டங்களில், பசளை எப்போது வேண்டும், எவ்வளவு வேண்டும், உதவிப் பணம் பிந்தியதால் நேர்ந்த நட்டம் எவ்வளவு என்பனவற்றை எண்களோடு எடுத்துரைப்பதும் அவற்றின் கடமையாகும். 2021 இல் நேர்ந்த இழப்பு, கொள்கை செய்வோர் வயற்கணக்கை முன்னரே பாராததால் நேர்ந்தது. வயற்கணக்கைச் சொல்லவேண்டியவர் கமக்காரரே. எண்களில்லாத முறைப்பாடு கூட்டம் முடிந்ததும் மறந்துபோகும்; ஐம்பது பேர் எழுதிவைத்த கொப்பிகளை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சுருக்கம்

1. பசளையின் விலையை மாற்றும் கொள்கை, இடும் அளவை மாற்றுகின்றது. அது விளைச்சலையும் மண்ணையும் நீரையும் மாற்றுகின்றது.
2. மிக மலிந்த பசளை வீணாகும் மூடைகளைக் கூட்டுகின்றது. அவற்றின் செலவைத் திறைசேரியும் கிணறும் சுமக்கின்றன.
3. திடீர்த் தடை விளைச்சலை வீழ்த்துகின்றது. அதன் செலவைக் கமக்காரர் குடும்பமும், அரிசி வாங்கி உண்போரும் சுமக்கின்றனர்.
4. அளவான இரசாயனப் பசளையோடு, ஆண்டுதோறும் கூடும் சேதனப் பசளையைச் சேர்த்தலே இரு கணக்குகளையும் காக்கும் வழி.

கூட்டங்களில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. சென்ற போகத்தில் உமது வயலில் ஏக்கருக்கு எத்தனை மூடை யூரியா இட்டீர்? அதன் விலை இருமடங்காயின் எத்தனை மூடை இட்டிருப்பீர்? அவ்வளவைக் குறைத்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என எண்ணுகின்றீர்?
2. உமது ஊரில் எரிக்கப்படும் வைக்கோலில் உள்ள பொற்றாசியத்தை விலைக்கு வாங்கினால் எத்தனை மூடை ஆகும்?
3. பசளை உதவியை மூடையாகப் பெறுதல் நன்றா, பணமாகப் பெறுதல் நன்றா? பணமாயின் எத்தினத்திற்குள் கிடைக்கவேண்டும்?
4. உமது ஊர்க் கிணறுகளில் எத்தனையின் நீர் பரிசோதிக்கப்பட்டுள்ளது?

இவ்வினாக்களுக்குக் கண்ட விடைகளை எழுதி, அடுத்த கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக.